ஐம்பத்தைந்து ஜன்னல்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை இன்று சிவகாசி முழுக்கப் பூஜை போட்டு வெளியிட்டிருப்பார்கள். முப்பத்தொரு வருடம் நானும் அந்தப் பூஜையில் நின்றிருக்கிறேன். புரூஃப் ரீடர் தனுஷ்கோடி என்றால் எங்கள் அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும்; பாதிப் பேருக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்றபின் இது இரண்டாவது ஆடி. யாரும் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

என் மனைவி புஷ்பம் காலையிலிருந்து அந்த அட்டை வெட்டும் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறாள். மே மாதம் எங்கள் மகள் பிருந்தா மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்தபோது அம்மாவுக்கென்று கொண்டுவந்தது. இரண்டு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. கூடவே ஒரே ஒரு டை, அதாவது வெட்டு அச்சு. உள்ளங்கை அளவு மெல்லிய தகடு. வளைவான ஒரு ஜன்னல், அதைச் சுற்றி ஒரு கொடி, கொடியில் ஒன்பது இலைகள். டையைத் தாள்மேல் வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் பலகை கொடுத்து, உருளைக்குள் விட்டுச் சுற்றினால் ஜன்னல் வெட்டுப்பட்டு வரும். இலைகள் தனியாக உதிரும். அதை ஒட்டி வாழ்த்து அட்டை செய்யவேண்டும். மகள் போனில் சொல்லிக்கொடுக்க, தாய் செய்கிறாள்.

இன்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். ரோஸ் அட்டையில் தங்க நிற ஜன்னல்.

"எப்படி இருக்கு?"

"இடது மூலையில ரெண்டு இலை சரியா வெட்டல. பிசிறு நிக்குது. ஜன்னலும் ஒரு நூல் சாஞ்சிருக்கு," என்றேன்.

வாங்கிப் பார்த்தாள். "ஆமா," என்றாள். உள்ளே போய்விட்டாள். கேட்டாள், சொன்னேன். இதில் என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 6, புதன்

கனகவேலைக் கூட்டி வந்தது நான்தான். பிறகு யாரையும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

அந்த இடது மூலை மூன்று நாளாகியும் வெட்டுப்படவில்லை. நானும் சுற்றிப் பார்த்தேன், பலகையை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் டீக்கடையில் கனகவேலைப் பார்த்ததும் சொன்னேன். எங்கள் அச்சகத்திலேயே கீழ்த்தளத்தில் பஞ்சிங் செக்‌ஷன் ஃபோர்மேனாக இருந்தவர். காலண்டர் அட்டைகளை வடிவமாக வெட்டும் பெரிய டை எல்லாம் அவர் பொறுப்பு. நான் மாடியில், அவர் கீழே. முப்பது வருடத்தில் மொத்தமாக முப்பது வார்த்தை பேசியிருப்போம். மனைவி இறந்து நாலு வருடமாகிறது. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார்.

வந்தார். டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் மூலையைத் தடவினார். பழைய புடவைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு டிஷ்யூ தாளைக் கிழித்து, டைக்குப் பின்னால் அந்த மூலையில் மட்டும் ஒட்டினார்.

"சுத்துங்க தங்கச்சி," என்றார்.

சுற்றினாள். ஒன்பது இலையும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"மெஷினு பெருசோ சின்னதோ, வியாதி ஒண்ணுதேன். எங்க அழுத்தம் கம்மியோ அங்க ஒட்டுப் போடணும்," என்றார்.

எடுத்த எடுப்பிலேயே தங்கச்சி. இவளும் அண்ணே என்று ஆரம்பித்துவிட்டாள். தங்கச்சி என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் வாயைத் திறக்க வழியில்லை. நான் எல்லோரையும் சார் என்றுதான் கூப்பிடுவேன். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. போகும்போது என் தோளைத் தட்டி, "வாரேன் மாப்ள," என்றார்.

பிருந்தா கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளரில் அவருக்குக் காப்பி. எனக்கு வழக்கமான எவர்சில்வர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கனகவேல் வந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கனகவேல் வந்தார். சாத்தூர்க் காராச்சேவு வாங்கி வந்தார். எனக்குச் சேவு பிடிக்காது என்று அவருக்குத் தெரியாது. புஷ்பத்துக்குப் பிடிக்கும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தினமும் மூன்று மணிக்கு வருகிறார். ஐந்து வரைக்கும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் தாளும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முன்னறையில் பேப்பர் படிக்கிறேன். கதவு திறந்தே இருப்பதால் எல்லாம் காதில் விழுகிறது. மூடினால் நன்றாக இருக்காது.

இன்று சைக்கிள் டியூப் ஒரு துண்டு கொண்டுவந்தார். டைக்கு மேல் பலகைக்குப் பதில் அந்த ரப்பரை வைத்துச் சுற்றினால் தாள் வெட்டுப்படவில்லை. ஜன்னலும் கொடியும் தாளில் புடைத்துக்கொண்டு வந்தன. வெள்ளைத் தாளில் வெள்ளை ஜன்னல். புஷ்பம் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"உதுந்த இலை எதையும் குப்பைல போடாதீங்க தங்கச்சி. ஒரு டப்பால போட்டு வைங்க. வெட்டுன ஓட்டை ஒரு அட்டைக்கு, உதுந்த இலை இன்னொரு அட்டைக்கு. பச்சை அட்டைல வெட்டுன ஓட்டைல தங்க இலையப் பொருத்துனா, ஒட்டுன மாதிரியே தெரியாது, பூ வேலை மாதிரி இருக்கும்."

"இது ஏன்ணே எனக்குத் தோணல?"

"ஒங்களுக்குத் தோணுனதுல பாதி எனக்குத் தோணாது. போன வாரம் அஞ்சு ஜன்னல ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டி உசரம் குடுத்தீங்களே, அத நான் எங்கயும் பாத்ததில்ல. பிரமாதம்."

பிரமாதமாம். அந்த அட்டையை நானும் பார்த்தேன். மூன்றாவது அடுக்கு கொஞ்சம் விலகியிருந்தது. அதைச் சொன்னேன். கனகவேல் கண்ணுக்கு அது தெரியவில்லையா, தெரிந்தும் பிரமாதம் என்றாரா? ஃபோர்மேனாக இருந்தவர் அப்படிச் சொல்லலாமா?

புஷ்பம் இன்று நாலு தடவை சத்தமாகச் சிரித்தாள். எண்ணவேண்டும் என்று எண்ணவில்லை. காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. புஷ்பம் பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போனாள். கூட்டம் இருக்கும், இரண்டு மணி நேரமாகும் என்று தெரியும். மெஷினை எடுத்தேன்.

அறுபத்துமூன்று வயதில் மனைவி இல்லாத நேரம் பார்த்து அட்டை வெட்ட உட்கார்ந்தேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு ஃபோர்மேனுக்குத் தோன்றுவது எனக்குத் தோன்றாதா என்று இருந்தது. மூன்று தாள் வீணானது. நாலாவதில் மேல் பலகை நழுவி, டையின் இடது ஓரம் பலகைக்கு வெளியே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் வெட்டுப்படவில்லை. தூக்கிப் போடப் போனேன். ஜன்னல் இடது பக்கம் தாளோடு ஒட்டிக்கொண்டு, வலது பக்கம் திறந்து, கதவு மாதிரி ஆடியது. மூடினால் மூடிக்கொள்கிறது. திறந்தால் உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

அடுத்ததை வேண்டுமென்றே அப்படிச் செய்தேன். வந்தது. புஷ்பம் வரும்வரைக்கும் பொறுக்க முடியவில்லை. வாசலிலேயே நின்றேன்.

ஆனால் அவளோடு கனகவேலும் வந்தார். கோவிலில் பார்த்தாராம்.

அட்டையை அவர்தான் முதலில் வாங்கினார். "மாப்ள! பாதி வெட்டு! பெரிய பெரிய ஆளுக எல்லாம் இதுக்குத் தனி டை போடுவாங்க. நீங்க பலகைய நகத்தியே முடிச்சிட்டீங்களே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளப் பிடிக்கவில்லை.

புஷ்பம் கதவைத் திறந்து மூடினாள். "நீங்களா செஞ்சீங்க?" என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இதுல தப்பு யாரு பாக்குறது?" என்றாள். கனகவேல் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பிருந்தாவோடு பள்ளியில் படித்த சௌந்தரவல்லி வந்தாள். இப்போது தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டு மருமகள், காரில் வந்தாள். அவள் மாமனார் மாமியாருக்கு அறுபதாம் கல்யாணம், செப்டம்பர் 12, வெள்ளி. நெருங்கிய சொந்தம் ஐம்பத்தைந்து குடும்பத்துக்குத் தாம்பூலத்தோடு ஒரு நன்றி அட்டை கொடுக்கவேண்டுமாம். கடையில் வாங்கினது மாதிரி இருக்கக் கூடாதாம்.

மேஜையில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். "ஆன்ட்டி, இது மட்டும் நல்லபடியா வந்துச்சுன்னா எங்க சொந்தத்துல எந்த விசேஷம்னாலும் உங்ககிட்டதான். எங்க சின்ன மாமியார் பொண்ணு கல்யாணம் தையில இருக்கு," என்றாள்.

அவள் போனபின் புஷ்பம் களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். மூன்று மணிக்குக் கனகவேல் வந்தார். முன்னறையில் இருந்த எனக்குக் கேட்டது:

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசமாச்சுண்ணே. என் பேரச் சொல்லி ஒருத்தரு இந்த வீட்டுக்கு வந்தது இதுதேன் மொதத் தடவ."

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. காலையிலிருந்து நான் வீட்டில்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

என்ன மாதிரி அட்டை என்று பேச மூன்று பேரும் உட்கார்ந்தோம். என்னையும் கூப்பிட்டார்கள். கனகவேல் ஜன்னலுக்குப் பின்னால் தங்கத்தாள் வைக்கலாம் என்றார். புஷ்பம் ஒரு குத்துவிளக்குப் படம் என்றாள்.

"அந்த வீட்டுல எல்லாரும் தங்கத்தாள் பாத்தவங்கதேன்," என்றேன். "கதவ மூடி வெச்ச ஜன்னல். தொறந்தா உள்ள செப்டம்பர் பன்னெண்டாந் தேதி. நம்ம டெய்லி காலண்டர் ஷீட்டு, அசல் ஷீட்டு. நாளு, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் இருக்கும். வருசம் பூரா கிழிச்சுப் போடுற தாளு, அன்னைக்கு மட்டும் யாரும் கிழிச்சுப் போட மாட்டாங்க."

புஷ்பம் என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில், எங்கள் அச்சகத்துக் காலண்டர் அவள் தாய் வீட்டுச் சுவரில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கற எல்லாம் நீங்க படிச்சதா?" என்று கேட்டபோது ஒரு முகம் வைத்திருந்தாள். அந்த முகம்.

இன்று எனக்கும் கண்ணாடி டம்ளர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அச்சக கோடவுனில் விற்காமல் கிடந்த காலண்டர்களிலிருந்து ஒவ்வொரு ஷீட்டாக, அறுபது செப்டம்பர் 12 கிழித்துக்கொண்டு வந்தேன். ஐம்பத்தைந்து போக, ஐந்து கைவசம். வாட்ச்மேன், "சார், வருசத்துல ஒரே நாளத் திருடிட்டுப் போறீங்களே," என்றான். வெகு நாளைக்குப் பிறகு சட்டை முழுக்க அச்சு மை வாசனை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மாதிரி அட்டை தயாரானது.

ஷீட்டு ஒவ்வொரு அட்டையிலும் ஒரே இடத்தில் உட்கார, கனகவேல் அட்டைத் துண்டுகளை ஒட்டி ஒரு மூலைமட்டம் மாதிரி செய்திருந்தார். அதற்குக் கைடு என்று பெயர். ஷீட்டை அதில் முட்டவைத்து, மேலே ஜன்னல் அட்டையை முட்டவைத்து ஒட்டினால், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலும் 12 என்ற எண் ஜன்னலின் நடுவில் வரும்.

"அண்ணே வெச்ச கைடு, ஒரு முடி விலகாது," என்றாள் புஷ்பம். யோசனை யாருடையது என்று பேச்சே இல்லை. இரண்டு மணி நேரமும் கைடு, கைடு, கைடு. அவர் விரலைப் பிடித்து அவள் பசையைத் துடைத்துவிட்டாள். தங்கச்சி அண்ணனுக்குத் துடைக்கிறாள், அதில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு நாளும் யாரும் துடைத்தது கிடையாது. என் விரலில் சிவப்பு மை முப்பத்தொரு வருடம் இருந்தது.

முடித்து என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "எப்படி இருக்கு?"

பார்த்தேன். பச்சை அட்டை, தங்கக் கொடி. கதவைத் திறந்தால் 12, வெள்ளிக்கிழமை. எல்லாம் அதனதன் இடத்தில். கதவை மூடினேன். வலது பக்கக் கொடியில் பெரிய இலை ஒன்று. அந்த இலை உதிர்ந்த ஓட்டை வழியாகப் பின்னால் உள்ள ஷீட்டில் ஒரு சொல் தெரிந்தது.

ஷீட்டின் வலது ஓரத்தில் பன்னிரண்டு ராசிக்கும் ஒரே சொல்லில் பலன் போட்டிருக்கும். லாபம், நட்பு, உயர்வு, செலவு என்று. அதில் மிதுனத்துக்கு நேரே போட்டிருந்த சொல், அந்த இலைக்குள் கத்தரித்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

பிரிவு.

அறுபதாம் கல்யாண அட்டையில் ஜன்னலை மூடினால் பிரிவு.

"என்ன, நல்லா இல்லையா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. இருக்கட்டும்," என்றேன்.

கைடு வைத்தது கனகவேல். பார்த்திருக்கவேண்டியது கனகவேல். நான் ஓய்வு பெற்றவன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பதினோரு அட்டை ஒட்டியாயிற்று. பதினொன்றிலும் அதே இடம். ஒரு முடி விலகவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒரு விஷயத்தை இங்கே நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்கு வேண்டியது கனகவேல் ஒரு தடவை தலைகுனிவதைப் பார்ப்பது. அவ்வளவுதான். அந்தப் பெண் சௌந்தரவல்லி பார்ப்பாள். "இது என்ன அங்கிள்?" என்று கேட்பாள். அப்போது புஷ்பத்துக்குத் தெரியும், பிரமாதம் பிரமாதம் என்று சொல்கிறவன் வேலை எப்படி இருக்கும் என்று. குறை சொல்கிறவனும் வீட்டுக்கு வேண்டும் என்று தெரியும்.

கேள்வி கேட்கப்போவது கனகவேலிடம் இல்லை, புஷ்பத்திடம்தான் என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

முப்பத்தொன்று. புஷ்பம் இரண்டு தடவை ஒட்டிய அட்டையைக் கொண்டுவந்து, "ஒரு தடவ பாருங்க," என்று கையில் கொடுத்தாள். இரண்டு தடவையும், "சரியா இருக்கு," என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று போனாள்.

எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

செப்டம்பர் 6, சனி

சொல்லிவிடலாம் என்றுதான் மேஜைக்குப் போனேன். வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, மாற்றிவிடலாம், ஒரு வார்த்தை போதும். போனபோது கனகவேல் தன் மனைவியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா சமைத்ததை அவரைச் சாப்பிடவைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பாராம். புஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் அவள் கண் கலங்கி எத்தனை வருடமோ. திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐம்பத்தைந்தும் முடிந்தது. கனகவேல் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 10, புதன்

விருதுநகரில் என் தங்கை வீட்டுக்குப் போய் வந்தேன். புஷ்பம் தலைவலி என்று வரவில்லை. சாயங்காலம் திரும்பியபோது தூங்கிக்கொண்டிருந்தாள். மேஜையெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

பெட்டியை நானே வண்டியில் வைத்துத் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டில் கொடுத்தேன். புஷ்பம் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்திருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஐந்து நிமிடம் நின்றோம். சொல்வதற்கு ஐந்து நிமிடம் தாராளம். கேட்டைத் திறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மண்டபத்தில் எங்களுக்கு மூன்றாவது வரிசை. கனகவேல் பட்டுக்கரை வேட்டியில் வந்திருந்தார். என் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் புஷ்பம். மாலை மாற்றினார்கள், ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. தாம்பூலப் பைகள் இருந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் அட்டையை வெளியே எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தார், மூடினார். பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "இங்க பாரு, இன்னைக்கு ஷீட்டு," என்று காட்டினார். அந்த அம்மாவும் திறந்து மூடினார். எட்டிப் பார்த்தேன்.

பெரிய இலையில் சொல் இல்லை. அந்த ஓட்டையில் தங்க இலை இருந்தது. பொருத்தினது மாதிரியே தெரியாமல்.

பின்னால் திரும்பி ஒருவர் கையில் இருந்ததைப் பார்த்தேன். அதிலும் தங்க இலை. எழுந்து போய் மேஜையில் இருந்த நாலைந்து பைகளைப் பிரித்துப் பார்த்தேன். சௌந்தரவல்லியின் கணவர், "சார், உங்களுக்கு வேணும்னா இன்னொண்ணு எடுத்துக்குங்க," என்றார். எல்லாவற்றிலும் இலை. எல்லா இலையும் நரம்பு மேலே பார்க்க, ஒரே பக்கமாக.

சௌந்தரவல்லி புஷ்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாமியாரிடம் கூட்டிப்போய், "இவங்கதான் அத்தே, தங்கபுஷ்பம் ஆன்ட்டி," என்றாள். முழுப் பெயரையும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இலை," என்றேன்.

"ஆமா."

"எப்பப் பாத்த?"

"நீங்க பாத்த அன்னைக்கே," என்றாள். புடவையைக் கீழே வைக்கவில்லை. "மொத அட்டைய ஒங்க கைல குடுத்தேன்ல. ஒங்க கண்ணு அந்த இலைல போய் நின்னுச்சு. அப்புறம் ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. உள்ள கொண்டுபோய் எங்க நின்னுச்சோ அங்க பாத்தேன். முப்பத்தஞ்சு வருசமா அப்படித்தான பாக்கேன். கொழம்புன்னாலும் சரி, கோலம்னாலும் சரி. நீங்க வாயத் தொறக்கறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் அம்புட்டையும் ஒட்டுன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ரெண்டு தடவ கைலயே கொண்டாந்து குடுத்தேன்." புடவையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "நேத்தைக்கு முந்தின நாளு வரைக்கும் பாத்தேன். அன்னைக்கு நீங்க விருதுநகர் போனப்ப டப்பால இருந்த இலைய எடுத்து ஒவ்வொண்ணா வெச்சேன்."

"கனகவேல்கிட்டச் சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா, மாப்ள பாக்கலையான்னு கேப்பாரு. நான் என்ன சொல்ல?"

அவள் திட்டியிருக்கலாம். அழுதிருந்தால்கூட ஏதாவது செய்திருப்பேன். பீரோவைத் திறந்து புடவையை வைத்துவிட்டு, ராத்திரிக்கு ரசம் போதுமா என்று கேட்டாள்.

செப்டம்பர் 13, சனி

கனகவேல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் போவது இதுதான் முதல் தடவை. ஒரு நாற்காலி. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். கைடு, இலை, அந்தச் சொல், நான் பார்த்தது, பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது, ஏன் இருந்தேன் என்பது. பொறாமை என்ற வார்த்தையையும் சொன்னேன். சொல்லும்போது அது அவ்வளவு பெரிய வார்த்தையாக இல்லை.

"நான் ஷீட்டப் படிக்கவே இல்ல மாப்ள," என்றார். "நாங்க கீழ யாரும் படிக்க மாட்டோம். மாடிலருந்து ஒங்க கையெழுத்து போட்டு வந்துச்சுன்னா மெஷினுல போட்டுக்கிட்டே இருப்போம். இப்பவும் நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. நீங்க பாத்துட்டீங்க, அப்புறம் நான் என்னத்தப் பாக்கன்னு இருந்துட்டேன்."

இருந்த ஒரு நாற்காலியை அவர் என் பக்கம் தள்ளினார்.

"மூணு மணிக்கு வாங்க," என்றேன்.

"பாப்போம்," என்றார்.

வரவில்லை. மூன்றரைக்குப் புஷ்பம் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் போய்ச் சொன்னதை அவளிடம் சொன்னேன். "சரி," என்றாள்.

செப்டம்பர் 15, திங்கள்

கனகவேல் இன்று வந்தார். சேவு வாங்கி வரவில்லை. மாப்ள என்றும் கூப்பிடவில்லை. ஆனால் வந்தார். காப்பி குடித்துவிட்டு, தைக் கல்யாணத்துக்கு என்ன தாள் போடலாம் என்று புஷ்பத்தோடு பேசிவிட்டு, நாலரைக்கெல்லாம் போய்விட்டார்.

அவர் போனபின் புஷ்பம் தனியாக ஒன்று செய்துகொண்டிருந்தாள். ஜன்னலை வெட்டி எடுத்த தாளைத் தூக்கி எறியாமல், அதன் மீதிச் சட்டத்தைப் பஞ்சு மாதிரியான சந்தன நிறத் தாள்மேல் ஒட்டி, மேலே மெழுகு பென்சிலால் லேசாகத் தேய்த்தாள். சுவரில் வெயில் அடிக்கும்போது ஜன்னல் நிழல் விழுமே, அப்படி ஒரு நிழல் அந்தத் தாளில் வந்தது. கொடியில் ஓர் இலை மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது, காற்று அடித்தது போல. டையில் அப்படிக் கிடையாது. அவளே திருப்பி வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் பார்த்த எல்லாத் தாளிலும், எல்லா அச்சிலும், இவ்வளவு நன்றாக ஒன்று பார்த்ததில்லை.

கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. உலர வைத்துவிட்டு எழுந்தாள்.

நானே எடுத்துப் பார்த்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு," என்றேன்.

புஷ்பம் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மூலைகளை விரலால் தடவினாள். திருப்பி வைத்திருந்த அந்த இலையை நகத்தால் நிமிர்த்தப் போனாள்.

"எங்கன்னு சொல்லுங்க," என்றாள். "பசை காயறதுக்குள்ள சரி பண்ணிருதேன்."